லாரியின் டீசல் பம்பு: பிரித்துச் சரிசெய்வதா, புதிதாக மாற்றுவதா?

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வரும் லாரி, சமதளத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு மேம்பால ஏற்றங்களில் மட்டும் இழுக்க மறுத்தால், அதன் உரிமையாளருக்கு இரண்டு விதமான ஆலோசனைகள் உடனே வந்து சேரும். எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றிச் சர்வீசுக்குக் கொடுங்கள், உள்ளே டீசலைத் தள்ளும் பாகமான எலிமென்ட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்பார் ஒருவர். பிரித்த பம்பு பழையபடி ஓடாது, புதிதாகப் போட்டுவிட்டால் கவலை விட்டது என்பார் இன்னொருவர். இருவரும் தத்தம் அனுபவத்தில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவர் மனத்திலும் இருப்பது ஒரே பம்பு அல்ல. வண்டியில் இருப்பது எந்தத் தலைமுறைப் பம்பு, அது எதனால் கெட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் விலையை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு, பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்வதில் போய் நிற்கிறது. ஒரே ஒரு வண்டியை வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த இரண்டாவது செலவு தாங்காது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பம்பு உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இழுவை குறைவதற்கும், ஸ்டார்ட் ஆகத் தாமதமாவதற்கும், ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்குவதற்கும் பம்புக்கு வெளியே பல காரணங்கள் உண்டு. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள சல்லடையில் கசடு படிந்திருக்கலாம், குழாய் இணைப்பு எதிலாவது காற்று இழுக்கலாம், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பு தேய்ந்திருக்கலாம், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் சொட்டலாம், டர்போவிலிருந்து வரும் ஹோஸில் ஒரு கீறல் விழுந்திருக்கலாம். பழைய வண்டிகளில் டேங்கை விலக்கிவிட்டு, சுத்தமான ஒரு கேனிலிருந்து டீசல் கொடுத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கேனில் நன்றாக ஓடும் எஞ்சின் டேங்கில் ஓடவில்லை என்றால் குற்றவாளி பம்பு அல்ல. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாமலே கழற்றப்படும் பம்புகள் ஏராளம்.

இன்று நம் சாலைகளில் ஓடும் சரக்கு வாகனங்களில் மூன்று வகைப் பம்புகளைப் பார்க்கிறோம். டாடாவின் 697 எஞ்சின், அசோக் லேலண்டின் ஹினோ எஞ்சின் போன்றவற்றில் வந்த இன்லைன் பம்பு முதலாவது. சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி எலிமென்ட் வரிசையாக நிற்கும் பம்பு இது. டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் ஒன்றே சுழன்று எல்லா சிலிண்டர்களுக்கும் டீசலைப் பங்கிட்டு அனுப்பும் ரோட்டரி பம்பு இரண்டாவது. சிறிய, நடுத்தர வண்டிகளில் இதை அதிகம் காணலாம். மூன்றாவது, எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் (ரெயில்) டீசலை அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரெயில் முறையின் உயர் அழுத்தப் பம்பு. நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 4 விதியும் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதியும் நடைமுறைக்கு வந்தபின் இந்த மூன்றாவது வகையே பெருகிவிட்டது. மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

இன்லைன் பம்பைப் பொறுத்தவரை என் தீர்ப்பு தெளிவானது: உடல் வெடிக்காமல், எலிமென்ட்டுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் சிதையாமல் இருக்கும்வரை, பழுது பார்ப்பதே சரி. இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வது அல்ல. இந்தப் பம்பு பழுது பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ராபர்ட் பாஷ் 1927-இல் இன்லைன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து அதன் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்ட போதிலும், நம் மெக்கானிக்குகளுக்கு அது இன்றும் மைக்கோ பம்புதான்; அதன் எலிமென்ட், டெலிவரி வால்வு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங், சீல் என ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும். பிளஞ்சரும் அது ஏறி இறங்கும் உறையான பேரலும் சேர்ந்ததுதான் எலிமென்ட். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி என்பதால் ஒரு பேரலின் பிளஞ்சரை இன்னொன்றில் போடக் கூடாது.

தேய்மானத்தைக் கண்ணாலேயே பார்க்க முடியும். நல்ல பிளஞ்சர் முழுவதும் கண்ணாடிபோல் மின்னும். தேய்ந்த பிளஞ்சரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், மேல்முனையில் சாய்வாக வெட்டப்பட்ட பள்ளத்தின் ஓரம், பேரலின் துளைக்கு நேராக வரும் இடத்தில், பால் படிந்ததுபோல் மங்கலான ஒரு திட்டு தெரியும். அந்த இடத்தை நகத்தால் வருடினால் நெருடும். டீசலில் நனைத்த பிளஞ்சரைப் பேரலிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்துச் செங்குத்தாகப் பிடித்தால், அது தன் எடையிலேயே மெல்ல, தடையின்றி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் கீறல் அல்லது துரு. சட்டென்று விழுந்தால் தேய்மானம். ஓட்டுநருக்கு இதே தேய்மானம் வேறு விதமாகத் தெரியவரும்: காலையில் ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, லோடோடு ஓடிச் சூடான பிறகு டீக்கடையில் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் இளகிய டீசல், தேய்ந்த இடைவெளி வழியே கசிந்து, நாசிலைத் திறக்கும் அளவு அழுத்தம் சேராமல் போவதே காரணம். கசிந்த டீசல் பம்பின் அடிப்பகுதிக்கு இறங்கி, அங்கிருந்து எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்து, விரலில் தேய்த்தால் டீசல் நாற்றம் அடித்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குகளை அரித்துவிட்டால் பிறகு பம்பின் செலவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

முழுச் சர்வீஸ் என்பது எலிமென்ட் மாற்றுவதோடு முடிவதல்ல. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிக் கேலிப்ரேஷன் செய்வதே, அதாவது டீசல் அளவைச் சரிபார்த்துத் திருத்துவதே அதன் உயிர். ஆறு சிலிண்டர் எஞ்சினின் பம்பைப் பெஞ்சில் ஓட்டும்போது ஆறு கண்ணாடிக் குழாய்களில் ஆறு எலிமென்ட்டுகளும் அனுப்பும் டீசல் தனித்தனியாக நிரம்பும். குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை ஸ்ட்ரோக்குகளுக்கு எத்தனை மில்லி லிட்டர் வர வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். ஆறு குழாய்களின் மட்டமும் ஒன்றாக நின்றால்தான் எஞ்சின் அதிர்வில்லாமல் ஓடும். அடுத்தடுத்த எலிமென்ட்டுகள் 60 பாகை இடைவெளியில் டீசலை அனுப்பத் தொடங்குகின்றனவா என்பதும், கவர்னர் எந்த வேகத்தில் டீசலைக் குறைக்கிறது என்பதும் இதே பெஞ்சில்தான் தெரியவரும். பெஞ்ச் இல்லாமல், வண்டியிலேயே வைத்து எலிமென்ட் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பம்பைக் கொடுக்க வேண்டாம் என்றே வற்புறுத்திச் சொல்வேன். அதைவிட ஆபத்தானது, இழுவை குறைந்த வண்டியில் அதிகபட்ச டீசல் ஸ்க்ரூவைத் திருகி விடுவது. அப்போதைக்கு வண்டி பாயும். ஆனால் கரும்புகையும் சூடும் சேர்ந்து பிஸ்டனைத் தின்றுவிடும். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது புகைச் சோதனையிலும் தேறாது. பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிகளுக்குப் புகை அடர்த்தி வரம்பு 65 ஹெச்.எஸ்.யு. (ஹார்ட்ரிட்ஜ் புகை அலகு), பி.எஸ். 4 வண்டிகளுக்கு 50.

இன்லைன் பம்பை முழுதாகப் புதிதாக வாங்குவதில் ஒரே ஒரு வலுவான நியாயம்தான் இருக்கிறது: உடல் உடைந்து, கேமும் அதன்மேல் ஓடும் டேப்பட்டும் சேர்ந்து போய்விட்ட நிலை. அப்போதும் பழைய மாடல் வண்டிகளுக்குப் புதுப் பம்பு வேண்டுமென்றால் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். இங்குதான் காயலான் கடைப் பம்புக்கு ஓர் இடம் இருக்கிறது. உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பம்பை அப்படியே பூட்டி ஓட்டுவது சூதாட்டம். ஆனால் நல்ல உடலும் கேமும் உள்ள பம்பாகப் பார்த்து வாங்கி, உள்ளே புது எலிமென்ட் போட்டு, பெஞ்சில் ஏற்றிப் பூட்டுவது நியாயமான வழி. வாங்கும் முன் பெயர்த் தகட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். தகட்டில் பி.இ.எஸ். 6ஏ 90டி என்று தொடங்கினால், 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, ஏ என்பது பம்பின் அளவு வகை, 90 என்பது பிளஞ்சரின் விட்டம் 9.0 மில்லி மீட்டர் என்று பொருள். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பம்புகளில் கவர்னரோ கேமின் உயரமோ வேறாக இருந்தால், எவ்வளவு திறமையான மெக்கானிக்காலும் அந்த எஞ்சினுக்கு அதைப் பொருத்திவைக்க முடியாது.

சரிசெய்யும் செலவைத் தள்ளிப்போடுவது சேமிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் மாதத்துக்கு 1,500 லிட்டர் டீசல் ஆகும். பம்பின் தேய்மானத்தால் அது 3.6 ஆகக் குறைந்தால் ஏறக்குறைய 1,667 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதந்தோறும் சுமார் 15,000 ரூபாய் புகையாகப் போகிறது. உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து, பம்பு சர்வீசுக்குக் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை மாதத்தில் அது திரும்பி வரும் என்பது தெரிந்துவிடும்.

ரோட்டரி பம்பின் கதை வேறு. இன்லைன் பம்புக்கு எஞ்சின் ஆயில் மசகு; ரோட்டரி பம்புக்கோ அதன் வழியாக ஓடும் டீசலே மசகு. டேங்க் காலியாகி வறண்டு ஓடினாலும், டீசலோடு தண்ணீர் புகுந்தாலும், உள்ளே பிளஞ்சர், ரோலர், கேம் தட்டு, டீசலை இழுக்கும் வேன் தகடுகள் எல்லாமே ஒரே நேரத்தில் அடிவாங்கும். ஷாஃப்ட் சீல் கசிவு, கவர்னர் கோளாறு, மேல்மூடிக் கசிவு ஆகியவை மட்டும் என்றால் பழுது பார்ப்பதில் தயக்கமே வேண்டாம். தண்ணீர் புகுந்து கெட்டதென்றால் முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்லி, தலைப்பகுதியும் கேம் தட்டும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தால், புதுப் பம்பின் விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதியதையே தேர்ந்தெடுப்பேன். பழைய உடலுக்குள் எல்லாமே புதிது என்னும்போது அந்த உடலை மட்டும் காப்பாற்றுவதில் பெரிய லாபம் இல்லை.

காமன் ரெயில் பம்புக்கு வரும்போது பழைய அனுபவம் பலவும் பயன்படாது. அழுத்தம் 1,600 பார் என்ற அளவுக்கும், அதற்கு மேலும்கூடப் போகும் முறை இது. பழைய எஞ்சினில் செய்ததுபோல் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்க முயன்றால், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். இந்த எச்சரிக்கையை ஒவ்வொரு லாரி ஷெட்டிலும் எழுதி மாட்டிவைக்க வேண்டும்.

இந்த வகையில் பம்பு குற்றவாளியாகத் தெரியும் பல நேரங்களில், உண்மையில் கெட்டிருப்பது பம்பின்மேல் பூட்டியுள்ள, டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் யூனிட்டாகவோ, ரெயில் அழுத்த சென்சாராகவோ, மிஞ்சிய டீசலை டேங்குக்கு அனுப்பும் திரும்பு குழாயில் அளவுக்கு மீறிக் கசியும் இன்ஜெக்டராகவோ (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) இருக்கும். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு அழுத்தம் குறைவு என்று மட்டும்தான் சொல்லும்; யாரால் குறைந்தது என்று சொல்லாது. எனவே ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு டீசலையும் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து அளந்து பார்க்காமல் பம்பை மாற்றச் சம்மதிக்கக் கூடாது. மீட்டரிங் யூனிட் மட்டும் போதும் என்றால் செலவு பல மடங்கு குறைந்துவிடும்.

பம்புதான் என்று உறுதியானால், அடுத்த கேள்வி உலோகத்தூள். டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் டீசலை ஒரு வெள்ளைத் துணியில் மெதுவாக வடிகட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மீட்டரிங் யூனிட்டைக் கழற்றி அதன் சல்லடையையும் அதேபோல் பாருங்கள். வெள்ளிப்பொடி தூவியதுபோல் மினுமினுப்பு தெரிந்தால், பம்பின் உட்பகுதி ஒன்றோடொன்று உரசிச் சிதைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பொடி ரெயிலுக்கும், இன்ஜெக்டர்களுக்கும், திரும்பு குழாய் வழியே டேங்குக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இந்த நிலையில் பம்பை மட்டும் பழுது பார்ப்பதும் வீண், பம்பை மட்டும் புதிதாக மாற்றுவதும் வீண். இரண்டாவதில் இழப்பு இன்னும் பெரிது, ஏனென்றால் டேங்கில் தங்கிய பொடி புதுப் பம்பையும் அதே வழியில் கொன்றுவிடும். டேங்கை இறக்கிக் கழுவி, குழாய்களை ஊதி, ஃபில்டர்களை மாற்றி, ரெயிலையும் இன்ஜெக்டர்களையும் சோதித்து, தேவையானவற்றை மாற்றிய பிறகே புதுப் பம்பு ஏற வேண்டும். மாற்றிய இன்ஜெக்டர்களின் குறியீட்டு எண்களை எஞ்சினின் கணினியான ஈ.சி.யு.வில் பதிவதும் இதோடு சேர்ந்த வேலை. முழுத் தொகையைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதில் பாதியைச் செய்து பாதியை விட்டவர்களுக்கு முதலுக்கே மோசமாகிவிடும்.

உலோகத்தூள் இல்லாமல் வெறும் கசிவு அல்லது அழுத்தக் குறைவு மட்டும் என்றால், தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில், காமன் ரெயிலுக்கென்று உள்ள பெஞ்சில் பழுது பார்ப்பது ஏற்கத்தக்கதே. புதியதற்கும் பழுதுக்கும் நடுவே, பழைய பம்பைக் கொடுத்துவிட்டு மறுஉருவாக்கம் செய்த பம்பை வாங்கிக்கொள்ளும் வழியும் சில மாடல்களுக்கு உண்டு; உத்தரவாதத்துடன் கிடைத்தால் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த தேர்வு அதுதான், வண்டி நிற்கும் நாட்களும் குறையும். காயலான் கடைக் காமன் ரெயில் பம்பை மட்டும் எந்த நிலையிலும் தொட வேண்டாம். அது எந்த டீசலைக் குடித்து எதனால் கழற்றப்பட்டது என்பது விற்பவருக்கே தெரியாது. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் பி.எஸ். 6 வண்டியை வெளியில் பிரிக்கவே கூடாது. நேராக டீலரிடம் கொண்டுபோக வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பம்பைக் கெடுத்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியைச் சாலையில் இறக்குவது பணத்தைத் தண்ணீரில் கரைப்பதுதான். நம் பக்கத்தில் முதல் காரணம் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டேங்கோடு இரவெல்லாம் நிற்கும் வண்டிகளில், டேங்கின் உள்சுவரில் ஈரம் வியர்த்து டீசலுக்குள் இறங்கும். மூடியின் வாஷர் இற்றுப்போயிருந்தால் மழையே நேராக உள்ளே போகும். தூத்துக்குடி உப்பளங்களில் லோடு ஏற்றும் வண்டிகளின் டேங்க்கும் மூடியும் மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து வாரம் ஒருமுறை வடித்துவிடுவது ஓட்டுநரின் வழக்கமாக வேண்டும். இரண்டாவது காரணம் மண்ணெண்ணெய்க் கலப்பு. பி.எஸ். 4 டீசலில் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை இருந்த கந்தகம் பி.எஸ். 6 டீசலில் 10 பி.பி.எம்.முக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைவதால், சுத்திகரிப்பு ஆலையில் அதற்கென்று மசகுப் பொருள் சேர்க்கிறார்கள். அதன்மேல் மண்ணெண்ணெய் கலந்தால் அந்த மசகும் நீர்த்துப்போய், மைக்ரான் இடைவெளியில் ஓடும் பாகங்கள் வறண்டு உரசும். விலை குறைவு என்று சாலையோரத்தில் கேனில் விற்கும் டீசலை வாங்குபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எலிமென்ட், நாசில், டெலிவரி வால்வு எதிலும் டூப்ளிகேட் தாராளமாகப் புழங்குகிறது. உறையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கிக் கொடுங்கள். அல்லது மெக்கானிக்கே வாங்குவதானால் பாகத்தின் எண் பொறித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். டூப்ளிகேட் எலிமென்ட்டும் பெஞ்சில் ஏற்றிய அன்றைக்குச் சரியான அளவைக் காட்டும். சில மாதங்களில்தான் அதன் உலோகம் தன் தரத்தைக் காட்டும்.

கப்பலூரிலோ மாட்டுத்தாவணிப் பக்கத்திலோ, எங்கே பம்பைக் கொடுத்தாலும், பிரிப்பதற்கு முன் பெஞ்சில் ஓட்டிய அளவுகளும் முடித்த பின் ஓட்டிய அளவுகளும் ஒரே தாளில், எலிமென்ட் வாரியாக எழுதித் தரப்பட வேண்டும். முதல் அளவு இல்லாவிட்டால் எது கெட்டிருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டாவது இல்லாவிட்டால் சரியானதற்கு ஆதாரம் இல்லை. கழற்றிய பழைய எலிமென்ட்டுகளைக் கேட்டு வாங்கி, பிளஞ்சரின் முனையை நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள். டீசல் ஸ்க்ரூவுக்கும் கவர்னர் மூடிக்கும் ஈய முத்திரை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வண்டியில் பூட்டும்போது, டீசல் பாயும் நேரத்தை நிர்ணயிக்கும் டைமிங் குறியைப் பழைய இடத்துக்கே வைக்கிறார்களா என்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். டைமிங் கொஞ்சம் பிசகினாலும் வெள்ளைப் புகையோ தட்டும் சத்தமோ வந்து, நல்ல பம்புக்கும் கெட்ட பெயர் கிடைக்கும். முதல் நடையை ஏற்றமில்லாத, நீங்கள் தினமும் போகும் சாலையில், குறைந்த லோடோடு ஓட்டி, திரும்பி வந்ததும் டிப்ஸ்டிக்கையும் ஃபில்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு போடிமெட்டுக்கோ குமுளிக்கோ அனுப்புங்கள்.